கம்பெனி இன்ட்ராநெட்டில் வெப் பார்ட் வைப்பது எப்படி? ஷிப்ட் பஸ் பக்கம் ஒன்றைச் செய்து பழகலாம்

"இனிமே இன்ட்ராநெட் பேஜை நீங்க பாத்துக்கோங்க" என்று எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டிவிடுவது ஓசூர் சிப்காட் பக்கம் சாதாரணமாக நடப்பதுதான். இன்ட்ராநெட் என்றால் கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கும் உள் வலைத்தளம். சின்ன வயது, கம்ப்யூட்டர் தெரியும். அந்தத் தகுதி போதும். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடிங் எதுவும் தேவையில்லை. வேர்டில் ஒரு லெட்டர் அடிக்கவும் எக்செலில் ஒரு பட்டியல் போடவும் தெரிந்திருந்தால் சரி.

நான் சொல்வது மைக்ரோசாப்ட் 365-உடன் வரும் ஷேர்பாயின்ட் ஆன்லைனைப் பற்றி. இன்ட்ராநெட் பக்கங்களைச் செய்வது இதில்தான். ஷேர்பாயின்ட் 2001-இலேயே வந்துவிட்டது. ஆனால் இப்போது நாம் பார்க்கும் 'மாடர்ன்' பக்கங்கள் 2016-17 வாக்கில்தான் வந்தன. யூடியூபில் தேடும்போது, பக்கத்தின் தலையில் பழைய வேர்டில் இருப்பதுபோல் பட்டன் பட்டை தெரிந்தால் அந்த வீடியோவை மூடிவிடுங்கள். அது 'கிளாசிக்' பக்கம். அதில் சொல்லும் எதுவும் உங்கள் திரையில் இருக்காது.

உதாரணத்துக்கு ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிறார்கள், மூன்று ஷிப்ட். ஆட்கள் கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி, சூளகிரி என்று ஹைவே ஓரமாகவும், தருமபுரியிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகவும், அந்தப் பக்கம் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். இவர்கள் இன்ட்ராநெட்டைத் திறந்தால் தேடுவது பஸ் நேரம், கேன்டீன் மெனு, லீவு ஃபார்ம், பேஸ்லிப். எம்.டி.யின் தொலைநோக்குச் செய்தியைப் படிக்க யாரும் வருவதில்லை. அது இருக்கட்டும், கீழே இருக்கட்டும்.

வைக்கும் முன் கேட்க வேண்டியது

ஷேர்பாயின்ட் பக்கத்தில் எதை வைத்தாலும் அது ஒரு வெப் பார்ட். எழுத்து ஒரு வெப் பார்ட், படம் ஒன்று, லிங்க் வரிசை ஒன்று, பட்டியல் ஒன்று. கூட்டல் குறியை அழுத்தினால் பல டஜன் வரும். புதிதாக வருபவர்கள் பெயரையும் ஐகானையும் பார்த்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். பக்கம் திருவிழாக் கடைபோல் ஆகிவிடும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு விவரத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எவ்வளவு அடிக்கடி மாறும்? மாற்றுவது யார்?

மாறாத விஷயம் என்றால், உதாரணத்துக்குக் கம்பெனி விலாசம், கேட் விதிமுறை, அதை டெக்ஸ்ட் வெப் பார்ட்டில் நேராக அடித்துவிடலாம். மாறும் விஷயம் என்றால் பக்கத்தில் அடிக்கவே கூடாது. அது வேறு எங்கோ, ஒரு லிஸ்டிலோ ஃபைலிலோ இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் வெப் பார்ட் அதைக் காட்ட மட்டும் வேண்டும். பஸ் நேரத்தை மாற்றுவது டிரான்ஸ்போர்ட் பார்ப்பவர். அவர் தன் லிஸ்டில் மாற்றினால் பக்கம் தானாக மாறிவிடும். அவர் உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பி, நீங்கள் அதைப் பார்த்து, பக்கத்தைத் திறந்து திருத்தி பப்ளிஷ் செய்கிற வேலை இல்லை. நீங்கள் லீவில் இருக்கும் நாளில்தான் பஸ் நேரம் மாறும் என்பது எழுதப்படாத விதி.

பக்கத்தைத் தொடங்குவது

முதலில் உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். சைட்டின் எந்தப் பக்கத்தையாவது திறந்தால் வலது மேல் மூலையில் 'எடிட்' தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஐ.டி. ஆளிடம் "இந்த சைட்டில் மெம்பராகச் சேர்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். 'ஓனர்' ஆக்கச் சொல்ல வேண்டாம்; உரிமை கூடினால் வம்பும் கூடும்.

முதல் பக்கத்தில் கைவைத்துப் பழகாதீர்கள். 'நியூ' அழுத்தி 'பேஜ்' தேர்ந்தெடுத்து, வெற்று டெம்ப்ளேட்டில் ஒரு புதுப் பக்கம் திறங்கள். பப்ளிஷ் செய்யாமல் 'சேவ் அஸ் டிராஃப்ட்' கொடுக்கும்வரை எடிட் உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே அது தெரியும். எவ்வளவு வேண்டுமானாலும் கலைத்துப் பழகலாம்.

இப்போது தலைப்பு. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது தமிழில் பக்கம் போடுபவர்களுக்கே வரும் தொல்லை. தலைப்பில் நீங்கள் அடிப்பதிலிருந்துதான் பக்கத்தின் முகவரி உருவாகிறது. 'தருமபுரி பஸ் நேரம்' என்று தமிழில் அடித்து பப்ளிஷ் செய்தால் முகவரியும் தமிழில் அமையும். அதை காப்பி செய்து வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரியும். 'தருமபுரி' என்ற ஒரு சொல்லை யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறை) எட்டுக் குறியாக வைத்திருக்கிறது. அது மட்டுமே 72 எழுத்தாகிவிடும். லிங்க் நாலு வரிக்குப் போகும், நடுவில் உடையும், "ஓபன் ஆகல" என்று போன் வரும்.

தப்பிக்க வழி எளிது. முதலில் தலைப்பை ஆங்கிலத்தில் சுருக்கமாக, 'பஸ் டைமிங்' என்கிற அளவில், அடித்து ஒருமுறை பப்ளிஷ் செய்யுங்கள். முகவரி அந்தப் பெயரில் உட்கார்ந்துவிடும். அப்புறம் எடிட்டுக்குப் போய்த் தலைப்பைத் தமிழில் மாற்றி மறுபடி பப்ளிஷ் செய்யுங்கள். தலைப்பு தமிழாகும், முகவரி பழையபடியே இருக்கும்.

செக்ஷன்: முதலில் கட்டம்

வெப் பார்ட்டுகள் செக்ஷனுக்குள்தான் உட்காரும். எடிட்டில் இருக்கும்போது பக்கத்தின் இடது ஓரத்தில் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு கூட்டல் குறி வரும். அது செக்ஷன் சேர்க்க. செக்ஷனுக்குள் தெரியும் கூட்டல் குறி வெப் பார்ட் சேர்க்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை பாதி வேலை முடிந்தது. உங்கள் திரையில் வலப்பக்கம் ஒரு கருவிப் பட்டையும் திறந்திருக்கலாம். அதிலிருந்து இழுத்துப் போட்டாலும் அதே வேலைதான்.

ஒரு காலம் (column, அதாவது நெடுவரிசை), இரண்டு, மூன்று, மூன்றில் ஒரு பங்கு இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் என்று அமைப்பு தேர்ந்தெடுக்கலாம். கம்ப்யூட்டரில் மூன்று காலம் அழகாக இருக்கும். ஆனால் ஷாப் ஃப்ளோர் ஆட்கள் பார்ப்பது போனில். போனில் காலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்: முதலில் இடது காலம் முழுவதும், அப்புறம் நடு, அப்புறம் வலது. பஸ் நேரத்தை வலது ஓரத்தில் வைத்திருந்தால் சூளகிரி ஸ்டாப்பில் நிற்பவர் மெனு, போட்டோ எல்லாம் தாண்டிக் கட்டைவிரல் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கும். அவசரமானது இடது மேலே. இதைத் தவிர செக்ஷனுக்கு வேறு தத்துவம் இல்லை.

செக்ஷனுக்குப் பின்னணி நிறம் கொடுக்கலாம், மூடித் திறக்கும்படியும் செய்யலாம். நீளமான விதிமுறைகளுக்கு மூடித் திறக்கும் வசதி நல்லது. நிறம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

டெக்ஸ்ட்: சுலபம், ஒரு கண்ணி மட்டும்

டெக்ஸ்ட் வெப் பார்ட்டில் அடிப்பது வேர்டில் அடிப்பதுபோல்தான். தலைப்புகளை போல்டு போட்டுப் பெரிதாக்காமல் 'ஹெடிங்' ஸ்டைல் கொடுங்கள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் வழிகாட்டும்.

கண்ணி எழுத்துருவில் இருக்கிறது. நம் ஊர் ஆபீஸ்களில் பழைய தமிழ் சர்க்குலர்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்திருப்பார்கள். அதை காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வந்து விழும். காரணம், அந்த ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டியது. ஷேர்பாயின்ட்டில் அந்த எழுத்துரு இல்லை. இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஒட்டுங்கள். ரகசியமான சர்க்குலரை அப்படி வெளித்தளத்தில் கொண்டுபோய்ப் போடாதீர்கள், மறுபடி அடித்துவிடுவதே உத்தமம். இனி அடிப்பதெல்லாம் விண்டோஸில் தமிழ் விசைப்பலகை சேர்த்து யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை வராது. தேடலிலும் அகப்படும்.

லிஸ்ட்: பஸ் பக்கத்தின் உயிர்

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

சைட்டில் 'நியூ' போய் 'லிஸ்ட்' தேர்ந்தெடுங்கள். டிரான்ஸ்போர்ட்காரரிடம் எக்செல் தயாராக இருந்தால் அதிலிருந்தே லிஸ்ட் உருவாக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அந்த எக்செலில் செல்களை மெர்ஜ் செய்து, நடுவில் 'முக்கிய அறிவிப்பு' என்று சிவப்பில் ஒரு வரியும் போட்டிருப்பார். புதிதாகவே ஆரம்பிக்கலாம்.

நமக்கு இரண்டு லிஸ்ட் வேண்டும். ஒன்று தடங்கள்: தட எண், எங்கிருந்து, எது வழியாக, வண்டி எண். இன்னொன்று நிறுத்தங்கள்: தட எண், நிறுத்தம், ஷிப்ட், நேரம். தட எண் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

காலம் சேர்க்கும்போது பெயரை முதலில் ஆங்கிலத்தில் கொடுத்து உருவாக்கிவிட்டு, அப்புறம் தமிழில் மாற்றுங்கள். பக்கத் தலைப்புக்குச் செய்த அதே வேலை. ஷேர்பாயின்ட் ஒவ்வொரு காலத்துக்கும் உள்ளே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது. அது முதலில் கொடுத்த பெயரிலிருந்து வரும், பிறகு மாறாது. தமிழில் கொடுத்தால் ஒவ்வொரு குறியும் அடிக்கோடும் எண்ணுமாக ஏழு எழுத்தாகும். 32 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். நாலு குறிக்கு மேல் தாங்காது. பக்கத்தில் பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. பிற்பாடு யாராவது பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாக நடக்க வைக்கும் மைக்ரோசாப்ட் கருவி) ஒரு ஃப்ளோ போட உட்காரும்போதுதான் உங்களைத் திட்டுவார்கள்.

'ஷிப்ட்' காலத்தை 'சாய்ஸ்' வகையில் வையுங்கள்: முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட், ஜெனரல். 'நிறுத்தம்' காலமும் அப்படியே. சாய்ஸ் என்றால் தேர்ந்தெடுக்கத்தான் முடியும், அடிக்க முடியாது. இல்லாவிட்டால் ஒருவர் 'இராயக்கோட்டை' என்று அடிப்பார், இன்னொருவர் 'ராயக்கோட்டை' என்பார், மூன்றாமவர் 'ராயகோட்டை' என்பார். மனிதர்களுக்கு ஒரே ஊர், லிஸ்டுக்கு மூன்று ஊர். ஃபில்டர் போட்டால் மூன்றில் ஒன்றுதான் வரும்.

'நேரம்' காலத்துக்குத் தேதி-நேர வகையைப் போடத் தோன்றும். வேண்டாம். அது தேதியையும் சேர்த்துக் கேட்கும். தினமும் ஓடும் பஸ்ஸுக்குத் தேதி எதற்கு? சாதாரண ஒற்றை வரி எழுத்தாக வைத்து 05:10, 13:20, 20:45 என்று 24 மணிக் கணக்கில் அடியுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விடக் கூடாது. வெறும் 5:10 என்று அடித்தால் லிஸ்ட் அதை எழுத்தாகப் பார்த்து 13:20-க்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும். பூஜ்யம் இருந்தால் வரிசை சரியாக வரும்.

அடுத்து வியூ, அதாவது லிஸ்டில் எந்த வரிகளை எந்த வரிசையில் காட்டுவது என்ற அமைப்பு. நிறுத்தங்கள் லிஸ்டில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு வியூ: ஷிப்ட் 'முதல் ஷிப்ட்' ஆக இருப்பவை மட்டும், நேரப்படி வரிசை. யார் மாற்றினார், எப்போது மாற்றினார் போன்ற காலங்களை வியூவில் காட்ட வேண்டாம். அவை லிஸ்டில் எப்படியும் பதிவாகும். வெர்ஷன் ஹிஸ்டரியில் (பழைய மாற்றங்களின் பதிவு) பார்த்துக்கொள்ளலாம். "பஸ் அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிடுச்சு" என்று பஞ்சாயத்து வரும்போது, எந்தத் தேதியில் யார் நேரத்தை மாற்றினார் என்று அங்கே இருக்கும்.

இப்போது பக்கத்துக்கு வாருங்கள். எடிட் அழுத்தி, கூட்டல் குறியில் 'லிஸ்ட்' வெப் பார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த சைட்டில் இருக்கும் லிஸ்டுகள் வரிசையாக வரும். (வேறு சைட்டில் இருக்கும் லிஸ்ட் இங்கே வராது. ஆகவே லிஸ்டைப் பக்கம் இருக்கும் சைட்டிலேயே உருவாக்குங்கள்.) தடங்கள் லிஸ்டை முதலில் வையுங்கள். அதன் கீழே இன்னொரு லிஸ்ட் வெப் பார்ட் வைத்து நிறுத்தங்களைத் தேர்ந்தெடுங்கள். பென்சில் ஐகானை அழுத்தினால் வலப்பக்கம் அமைப்புகள் திறக்கும். அங்கே எந்த வியூ என்று கேட்கும், கொடுங்கள். மேலே தெரியும் பட்டன் வரிசையை மறைக்க ஒரு வசதி இருக்கும். மறைத்துவிடுங்கள், பார்க்க வருபவருக்கு அது தேவையில்லை.

அதே இடத்தில் 'டைனமிக் ஃபில்டரிங்' என்று ஒன்று இருக்கும். இதைத்தான் பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை. அதை ஆன் செய்தால் மூன்று கேள்வி கேட்கும். இந்த லிஸ்டில் எந்தக் காலத்தை வடிகட்ட வேண்டும்? தட எண். எந்த லிஸ்டைப் பார்த்து வடிகட்ட வேண்டும்? தடங்கள். அதில் எந்தக் காலம்? தட எண். அவ்வளவுதான். இப்போது மேலே 'தருமபுரி – பாலக்கோடு – இராயக்கோட்டை' வரியைத் தொட்டால் கீழே அந்தத் தடத்தின் நிறுத்தங்கள் மட்டும் நிற்கும். தேன்கனிக்கோட்டை வரியைத் தொட்டால் அந்த ஸ்டாப்புகள். தட எண் இரண்டு லிஸ்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இது வேலை செய்யும். ஒன்றில் இடைவெளி விட்டு, இன்னொன்றில் விடாமல் அடித்திருந்தால் கீழே ஒன்றும் வராது.

கடைசியாக உரிமை. டிரான்ஸ்போர்ட் பார்ப்பவருக்குப் பக்கத்தை எடிட் செய்யும் உரிமை தேவையில்லை, லிஸ்டைத் திருத்தும் உரிமை போதும். லிஸ்ட் செட்டிங்ஸில் பெர்மிஷன் பகுதிக்குப் போய், சைட்டிலிருந்து வரும் உரிமையை நிறுத்திவிட்டு, அவருக்கு எடிட், மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் என்று வையுங்கள். இந்த அமைப்பை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால் சைட் ஓனரிடம் சொல்லிச் செய்யுங்கள். டிரான்ஸ்போர்ட்காரர் போன் பிரவுசரில் லிஸ்டைத் திறந்தால் ஷெட்டில் நின்றபடியே நேரத்தை மாற்றிவிடுவார்.

ஃபைல்களும் சர்க்குலர்களும்

கேன்டீன் மெனு பி.டி.எஃப்.-ஆக வருகிறதென்றால் 'ஃபைல் அண்ட் மீடியா' வெப் பார்ட்டில் வையுங்கள். பக்கத்திலேயே விரிந்து தெரியும். வாராவாரம் புது மெனு வரும்போது பக்கத்தைத் தொட வேண்டாம். லைப்ரரியில் (சைட்டில் ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் இடம்) அதே பெயரில் ஃபைலை அப்லோட் செய்து, பழையதை மாற்றச் சொன்னால் போதும். பழைய மெனுவும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பத்திரமாக இருக்கும். பெயரின் கடைசியில் 'ஃபைனல்', 'புதியது', 'புதியது 2' என்று சேர்த்துக்கொண்டே போகும் பழக்கம் இங்கே உதவாது. பெயர் மாறினால் வெப் பார்ட் பழைய ஃபைலையே காட்டிக்கொண்டு நிற்கும். போன வாரப் பொங்கலை இந்த வாரமும் எதிர்பார்த்து வருவார்கள்.

சர்க்குலர்களுக்கு இரண்டு வழி. 'டாக்குமென்ட் லைப்ரரி' வெப் பார்ட் ஒரு லைப்ரரியை அப்படியே காட்டும். 'ஹைலைட்டட் கன்டென்ட்' வெப் பார்ட் பல சைட்டுகளிலிருந்தும் நிபந்தனைப்படி பொறுக்கி எடுத்துக் காட்டும். பெயரைப் பார்த்து இரண்டாவதையே எல்லோரும் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் தேடல் அட்டவணையை (தேடலுக்காக ஷேர்பாயின்ட் தொகுத்து வைக்கும் பட்டியல்) நம்பி வேலை செய்வதால், இப்போது போட்ட சர்க்குலர் உடனே தெரியாமல் கொஞ்சம் தாமதிக்கலாம். "போட்டேன், வரலையே" என்று பதறி மறுபடி மறுபடி அப்லோட் செய்ய வேண்டாம். சர்க்குலர் எல்லாம் ஒரே லைப்ரரியில் இருந்தால் முதலாவது போதும், உடனே தெரியும்.

மற்றவை, வேகமாக

குவிக் லிங்க்ஸ்: பேஸ்லிப், லீவு, பி.எஃப். போர்டல் போன்ற வெளி லிங்குகளுக்கு. பட்டன் அமைப்பு போனில் விரலுக்கு வசதி. எட்டுக்கு மேல் வைத்தால் யாரும் படிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஹீரோ: பக்கத்தின் தலையில் வரும் பெரிய படக் கட்டங்கள். ஐந்து வரை வைக்கலாம். படம் நன்றாக இல்லாவிட்டால் ஹீரோ வேண்டாம். போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றினால் கெலமங்கலம் தாண்டி சிக்னல் குறையும் இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. ஒரு படம் 300 கேபி-க்குள் இருப்பது நல்லது. படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விவரம்) கேட்கும்; 'படம்' என்று அடித்துத் தப்பிக்காமல் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

நியூஸ்: ஒருநாள் செய்திக்கு. அவார்டு, ரத்ததான முகாம், புது லைன் திறப்பு. 'நியூ' போய் 'நியூஸ் போஸ்ட்' போட்டால் வெப் பார்ட்டில் தானாக வந்துவிடும். நிலையான விஷயத்தை நியூஸாகப் போட்டால் நாளடைவில் கீழே இறங்கிக் காணாமல் போகும். அதற்குச் சாதாரணப் பக்கம்தான் சரி.

ஈவென்ட்ஸ்: விடுமுறை, பயிற்சி, மெடிக்கல் செக்கப். ஓசூரில் உகாதிக்கு லீவு உண்டா என்று தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் வரிசையாகக் கேட்பார்கள், அதை முதலில் சேருங்கள். சந்திரசூடேஸ்வரர் தேர் அன்று ஊருக்குள் பஸ் வழி மாறுமென்றால் அதையும்.

பீப்பிள்: 'யாரைக் கேட்பது' என்பதற்கு. பெயரையும் பதவியையும் கையால் அடிக்காமல் இதில் ஆளைச் சேர்த்தால் விவரம் கம்பெனி டைரக்டரியிலிருந்து வரும். பதவி மாறினால் அங்கே மாறியதும் இங்கேயும் மாறும்.

ஃபார்ம்ஸ்: கருத்துக் கேட்க. கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் லாகின் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எம்பெட்: வெளித் தளத்தின் ஒரு பகுதியைப் பக்கத்துக்குள் காட்ட. யூடியூப் வீடியோ போன்றவை போகும். ஆனால் உள் நெட்வொர்க்கில் எண் முகவரியில் ஓடும் பழைய அட்டெண்டன்ஸ் மென்பொருளை இதில் நுழைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. முகவரி எச்.டி.டி.பி.எஸ்.-இல் தொடங்காவிட்டால் வராது. தொடங்கினாலும் எந்தெந்தத் தளங்களை அனுமதிப்பது என்பது அட்மின் கையில். அதற்கு ஒரு குவிக் லிங்க் வைத்துவிட்டு நகருங்கள்.

வெதர், வேர்ல்டு கிளாக், கவுன்ட்டவுன் டைமர்: வெளிநாட்டு கஸ்டமரோடு தினமும் பேசும் டிபார்ட்மென்ட் பக்கத்தில் கடிகாரம் உதவும். ஓசூரில் மழையா என்பதற்கு ஜன்னல் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தனை நாள் என்று டைமர் ஓடவிடுவார்கள். பூஜை முடிந்து தீபாவளி வந்தாலும் எடுக்கமாட்டார்கள்.

மறைப்பதும் பூட்டுவதும் வேறு வேறு

குவிக் லிங்க்ஸ், நியூஸ், ஈவென்ட்ஸ் போன்றவற்றில் 'ஆடியன்ஸ் டார்கெட்டிங்' இருக்கிறது. மெயின்டனன்ஸ் குழுவுக்கு மட்டும் ஒரு லிங்க், மேனேஜர்களுக்கு மட்டும் இன்னொன்று என்று காட்டலாம். வசதியானது. ஆனால் அது கண்ணிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். ஃபைலின் முகவரி தெரிந்தவரோ தேடலில் கண்டவரோ திறந்தால் திறக்கும். சம்பள விவரத்தை இந்த நம்பிக்கையில் வைத்துவிடாதீர்கள். பூட்ட வேண்டியதை ஃபைலிலோ லைப்ரரியிலோ உரிமை மாற்றித்தான் பூட்ட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வெப் பார்ட் யாருக்கும் புது உரிமை கொடுப்பதில்லை. நீங்கள் பார்க்க முடிகிற ஃபைலைப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். லைப்ரரி உரிமை இல்லாத லைன் ஆளுக்கு அங்கே வெற்றிடமோ 'அனுமதி இல்லை' என்றோ வரும். எச்.ஆர். ஆட்கள் தங்கள் லாகினில் மட்டும் பார்த்துவிட்டு "சரியாத்தான இருக்கு" என்பது இதனால்தான்.

பப்ளிஷ்

'சேவ் அஸ் டிராஃப்ட்' வேறு, 'பப்ளிஷ்' வேறு. ஏற்கெனவே பப்ளிஷ் ஆன பக்கத்தைத் திருத்திவிட்டு டிராஃப்டாக விட்டால் உங்களுக்குப் புதியதும் ஊருக்குப் பழையதும் தெரியும். "மாத்திட்டேன்", "மாறலையே" என்ற வாக்குவாதத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 'ரீபப்ளிஷ்' அழுத்துங்கள்.

அப்புறம் எடிட் உரிமை இல்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "கிருஷ்ணகிரிக்கு முதல் ஷிப்ட் பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். எங்கே என்று கை காட்டாதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்தால் எந்த வெப் பார்ட்டை மேலே தூக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஏதாவது கலைந்துபோனால் பதற்றம் வேண்டாம். பக்கத்திலிருந்து லிஸ்ட் வெப் பார்ட்டை நீக்கினால் லிஸ்ட் அழியாது. காட்டுவது மட்டும்தான் நிற்கும். பக்கத்தின் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். பக்கத்தையே அழித்துவிட்டாலும் 93 நாள் வரை ரீசைக்கிள் பின்னில் இருக்கும்.

காண்ட்ராக்ட் ஆட்கள், புதிதாக வந்த ட்ரெய்னிகள் பலருக்கு கம்பெனி லாகின் இருக்காது. அவர்களுக்கு இந்தப் பக்கம் இல்லாததற்குச் சமம். நிறுத்தங்கள் லிஸ்டை எக்செலுக்கு எடுத்து, ஷிப்ட் வாரியாக அச்சடித்து, கேட்டிலும் கேன்டீனிலும் ஒட்டச் சொல்லுங்கள். அச்சடித்த தேதி தாளின் தலையில் பெரிதாக இருக்கட்டும்; லிஸ்டில் நேரம் மாறும்போது தாளைக் கிழித்துப் புதிது ஒட்டுவது யார் பொறுப்பு என்பதையும் டிரான்ஸ்போர்ட்காரரிடம் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.